தோல்விக்கு அடுத்த ஆட்டம்



இக்கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த ஒரு பேராசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்களும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியிருக்கிறார்கள். தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டவர்கள், மாணவர்களுக்கு நாளைக்கே பயன்படும்படி பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேண்டுகோளை மனத்தில் வைத்தே பேச வந்திருக்கிறேன்.

தோல்விதான் வெற்றிக்கு முதற்படி என்று பள்ளிச் சுவர்களில் எழுதிவைத்திருக்கிறோம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. தோல்வி தானாக எதையும் கற்றுத் தராது. அடிபட்டவர் மனம் கசந்துபோகலாம், பயந்து ஒதுங்கலாம், அதே தவறை மறுபடியும் செய்யலாம். தோல்விக்கும் பாடத்துக்கும் நடுவே நாம் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நடந்ததை நடந்தபடி பார்க்க வேண்டும். நம் கையில் இருந்த காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை ஒன்றையாவது மாற்றிச் செய்ய வேண்டும். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் வருத்தமாகவே நின்றுவிடும். இதைச் சொல்ல நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைக்கிறேன். அவர் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த். அவருடைய வெற்றிகளை எல்லோரும் அறிவோம். இன்று அவருடைய தோல்விகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எழுதிவைக்கும் ஆட்டம்

சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. பெரிய போட்டிகளில் ஆடுகிறவர், தான் நகர்த்தியதையும் எதிராளி நகர்த்தியதையும் ஒன்றுவிடாமல் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். பல சமயம் தோற்றவரும் வென்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று பேசிப் பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் ஒரு பெரிய காரியத்தைச் செய்கிறது. தோற்றவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள முடியாமல் போகிறது. "கடைசி வரைக்கும் நன்றாகத்தான் ஆடினேன், நேரம் சரியில்லை" என்று வீட்டில் சொல்லலாம். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் செய்த பிழை தாளில் அப்படியே இருக்கும். நம் தொழிலிலும் குடும்பத்திலும் இப்படி ஒரு தாள் இல்லை. நினைவை நம்பி இருக்கிறோம். நினைவோ எப்போதும் நம் பக்கமே சாயும்.

நியூயார்க், 1995

1995 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில், ஆனந்துக்கும், அப்போது பட்டத்தை வைத்திருந்த காரி காஸ்பரோவுக்கும் உலகப் பட்டப் போட்டி தொடங்கியது. ஆனந்துக்கு வயது 25. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். அந்தக் காலத்தில் காஸ்பரோவை வீழ்த்தி முன்னிலை பெறுவது சாதாரணச் செய்தியா?

பத்தாவது ஆட்டத்தில் எல்லாம் தலைகீழானது. ஆறாவது ஆட்டத்தில் ஆடிய அதே தொடக்கத்தைத்தான் இருவரும் ஆடினார்கள். பதினான்காவது நகர்த்தலில் காஸ்பரோவ் வழியை மாற்றினார். அடுத்த சில நகர்த்தல்களில் மூலையில் இருந்த தன் யானையையே ஆனந்திடம் பறிகொடுத்துவிட்டு, அந்த விலைக்கு ஒரு தாக்குதலை வாங்கினார். எல்லாம் வீட்டிலேயே ஆராய்ந்து முடித்துக் கொண்டுவந்தது. ஆனந்தோ பலகையின் முன் உட்கார்ந்து, ஓடும் கடிகாரத்தோடு, அதற்கு விடை தேட வேண்டியிருந்தது. தோற்றார். பதினோராவதில், அதுவரை பெரிய போட்டிகளில் தான் ஆடிப் பழகாத டிராகன் தொடக்கத்தைக் காஸ்பரோவ் கறுப்புக் காய்களில் எடுத்தார். ஆனந்த் 19 நகர்த்தல்களில் தோற்றார். பதின்மூன்றிலும் பதினான்கிலும் மீண்டும் தோல்வி. ஐந்து ஆட்டங்களுக்குள் நான்கு போயின. பதினெட்டு ஆட்டங்களில் 10.5–7.5 என்று போட்டி முடிந்தது.

இந்தத் தோல்வியைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். தாக்குதல் வரும் என்று எதிர்பாராத இடத்தில் மாட்டிக்கொண்டதும், அந்த ஓர் அடி அடுத்த ஆட்டங்களுக்குள்ளும் பரவியதும்தான் ஆனந்தின் இழப்பு. திறமைக் குறைவு அதில் சிறிய பங்கு. ஆகவே சரிசெய்ய வேண்டியவை இரண்டு: தயாரிப்பு, அடிபட்ட பிறகு நடந்துகொள்ளும் முறை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து

பாடம் உடனே கனிந்துவிடவில்லை. 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் உலகப் பட்டப் போட்டியில் சுற்றுக்குச் சுற்று வென்று இறுதிக்கு வந்த ஆனந்த், சில நாள் இடைவெளியில் லோசானில் கார்ப்போவை எதிர்கொண்டார். கார்ப்போவோ நேரடியாக இறுதிக்கு வந்து ஓய்வோடு காத்திருந்தவர். ஆறு ஆட்டங்களில் 3–3. அதிவேக ஆட்டங்களில் ஆனந்த் தோற்றார். 2000 டிசம்பரில், டெஹ்ரானில் ஷிரோவை வென்ற போதுதான் முதல் உலகப் பட்டம் கையில் வந்தது.

2008இல் பான் நகரில் கிராம்னிக்கோடு ஆடிய உலகப் பட்டப் போட்டியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆனந்த் பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை நகர்த்தியே வெள்ளையில் ஆட்டத்தைத் தொடங்கியவர். கிராம்னிக் அதற்குத்தான் தயாராகி வந்திருப்பார். ஆனந்தோ ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை நகர்த்தினார். கறுப்பில், மெரான் என்னும் கூர்மையான வழியை எடுத்து மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் வென்றார். பீட்டர் ஹெய்னே நீல்சன், சூர்யா சேகர் கங்குலி, காசிம்ஜானோவ், வோய்டாசெக் ஆகியோர் சேர்ந்த குழு அவரோடு மாதக்கணக்கில் உழைத்திருந்தது. 6.5–4.5 என்று பட்டம் நிலைத்தது. 1995இல் அவருக்கு எது நேர்ந்ததோ, அதை 2008இல் அவர் எதிராளிக்கு நேரச் செய்தார். நான் அப்படித்தான் இந்த இரண்டு போட்டிகளையும் சேர்த்துப் படிக்கிறேன். பழக்கப்பட்ட, நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு வழியை நாற்பதை நெருங்கும் வயதில் மாற்றிக்கொள்வது எளிதா? செயல் என்று நான் சொல்வது இதைத்தான்.

மறுநாள் காலை

இரண்டாவது பாடம், அடிபட்ட மறுநாளைப் பற்றியது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றுபோயின. ஃபிராங்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த், சுமார் 40 மணி நேரம் சாலைவழியே பயணம் செய்து, உலகப் பட்டப் போட்டி நடக்கவிருந்த சோஃபியா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில், தயாரித்துவைத்திருந்த நகர்த்தல்களின் வரிசையைக் குழப்பிக்கொண்டு, எதிராளி டோபலோவிடம் 30 நகர்த்தல்களில் தோற்றார். மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் வென்றார். பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைக் காத்தார்.

2012இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கெல்ஃபாண்டிடம் ஏழாவது ஆட்டம் போனது. அடுத்த ஆட்டத்திலேயே கெல்ஃபாண்டின் ராணியைச் சிக்கவைத்து 17 நகர்த்தல்களில் முடித்தார். நியூயார்க்கில் ஒரு தோல்வி அடுத்த ஆட்டத்துக்குள்ளும் புகுந்தது. சோஃபியாவிலும் மாஸ்கோவிலும் அது அன்றோடு நின்றது. மனம் முழுதும் ஆறிய பிறகு ஆடலாம் என்று காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை. ஆடினார், ஆடியதில் மனம் ஆறியது. தன்னம்பிக்கை வந்த பிறகு செயலில் இறங்கலாம் என்று எண்ணும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் செயல்தான் முன்னே போகிறது, நம்பிக்கை பின்னால் வருகிறது.

சொந்த ஊரில் இழந்தது

2013 நவம்பரில் சென்னையில், நம் மக்கள் கண்முன்னே, ஆனந்த் உலகப் பட்டத்தைக் கார்ல்சனிடம் இழந்தார். ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 6.5–3.5. வயது 44ஐத் தொடவிருந்தது. ஓய்வு பெறலாம் என்று பலரும் எழுதினார்கள். நான்கு மாதங்களுக்குள், 2014 மார்ச்சில், ரஷ்யாவின் காந்தி-மான்ஸிஸ்கில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. பதினான்கு சுற்றுகளில் ஒரு தோல்வியும் இல்லாமல் 8.5 புள்ளி எடுத்து முதலிடம் பெற்றார். கார்ல்சனை மறுபடி சந்திக்கும் உரிமை கிடைத்தது.

இத்தோடு கதையை நிறுத்தினால் நான் உங்களுக்கு உண்மை சொல்லாதவன் ஆவேன். அந்த ஆண்டு சோச்சியில் நடந்த மறுபோட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவை நகர்த்துவதில் பெரும் பிழை செய்தார். குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்தின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் ஒரு நிமிடத்துக்குள் வேறு நகர்த்தலை ஆடிவிட்டார். அந்த ஆட்டமும் போனது, போட்டியும் 6.5–4.5 என்று போனது. கற்றுக்கொண்டவனுக்கு வெற்றி உறுதி என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கற்றவன் தொடர்ந்து ஆடும் தகுதியைப் பெறுகிறான், அவ்வளவுதான். 2017 டிசம்பரில் லண்டன் போட்டியில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஆனந்த், அதே மாதக் கடைசியில் ரியாத்தில், 48 வயதில், தோல்வியே இல்லாமல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார்.

அடுத்த தலைமுறை

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் 16 வயது இந்திய வீரர் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவோடு நல்ல நிலையில் இருந்து, பிழை செய்து தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அவருடைய அணிக்கு வெண்கலம். இரண்டு ஆண்டுகளில், புடாபெஸ்டில், அதே குகேஷ் முதல் பலகையில் ஆட, இந்தியா தங்கம் வென்றது. 2024இல் சிங்கப்பூரில் நடப்புச் சாம்பியன் டிங் லிரனோடு நடந்த உலகப் பட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்றார். முன்னிலை பெற்ற பிறகு பன்னிரண்டாவதில் மீண்டும் தோற்றார். பதினான்காவது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனந்தின் வழிகாட்டலில் வளர்ந்தவர்களில் அவரும் ஒருவர். மூத்தவர் தோற்றதையும் மீண்டதையும் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய கல்வி.

நாம் செய்ய வேண்டியவை

மாணவர்களே, பிளஸ் டூ தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கிறோம். மறுகூட்டலில் ஏதாவது கூடுமா என்று பார்க்கிறோம். கூடவில்லை என்றால் தூக்கிப் போடுகிறோம். அந்த நகல்தான் உங்கள் ஆட்டத் தாள். எந்தக் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், எந்தக் கணக்கில் நடுவரியில் குறியை மாற்றினேன், எதற்கு நேரம் போதவில்லை என்று சிவப்பு மையில் குறியுங்கள். பிறகு அந்தக் கேள்விகளை மட்டும் புதிதாக எழுதிப் பாருங்கள். கடை வைத்து நஷ்டப்பட்டவர் கடன் நோட்டை எடுத்து, யாருக்கு எந்த மாதம் எவ்வளவு விட்டோம் என்று பார்க்கட்டும். வேலைக்கான நேர்காணலில் தவறியவர், கேட்ட கேள்விகளை அன்று இரவே எழுதிவைக்கட்டும். காரணம் பத்து இருக்கலாம். நம் கையில் இருக்கும் ஒன்றை எடுத்து, அதை இந்த வாரமே மாற்றுங்கள். பத்தையும் சேர்த்துச் சரிசெய்யக் கிளம்புகிறவர் பெரும்பாலும் கிளம்புவதோடு நின்றுவிடுகிறார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லாத் தோல்விக்கும் தோற்றவரே காரணம் அல்ல. பருவமழை பொய்த்த விவசாயியிடம், அப்பாவின் மருத்துவச் செலவுக்காகப் படிப்பை நிறுத்திய பெண்ணிடம், "தவறை ஆராய்ந்து பார்" என்று சொல்வது கொடுமை. ஆனந்துக்கு அடுத்த ஆட்டம் இருந்தது, குழு இருந்தது, தாயார் சுசீலா ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த நாள் தொட்டு அவரைத் தாங்கிய குடும்பம் இருந்தது. பலருக்கு ஒரு முறை விழுந்தால் அதுவே கடைசி ஆட்டம். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது தனிமனிதர் முயற்சிக்கு அப்பாற்பட்ட சமூகக் கடமை.

நம் மாநிலத்தில் அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிளஸ் டூவில் தோற்ற பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். முடிவுகள் வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி, அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். ஒரு வருஷத்தைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பை விட்டுப் போகாமல் தடுத்திருக்கிறது. அடுத்த ஆட்டத்தைச் சீக்கிரம் கொடுத்தால் மனிதர் மீண்டெழுவார் என்ற நம்பிக்கையில் எழுந்த ஏற்பாடு அது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பக்கத்துக்கும். தோற்றவர்களே, நடந்ததை எழுதுங்கள்; ஒன்றை மாற்றுங்கள்; மறுபடி ஆட வாருங்கள். ஆசிரியர்களே, பெற்றோர்களே, முதலாளிமார்களே, தோற்று நிற்கிறவரிடம் முதலில் "யார் பொறுப்பு" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்தால் பிள்ளை விடைத்தாளை ஒளிப்பான். ஊழியர் பிழையை மறைப்பார். மறைத்த பிழை யாருக்கும் பாடம் ஆகாது. இந்தக் கல்லூரியில் ஒவ்வொரு துறையும் பருவத்துக்கு ஒரு முறை, சரியாக வராமல் போன ஒரு செய்முறையையோ திட்டத்தையோ மாணவர்களே எடுத்துப் பேசும் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் தண்டனை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். இந்த ஆண்டே தொடங்குங்கள். கற்பித்து வாழ்ந்த ஒருவரின் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.