அரக்குத் தட்டில் அடைபட்ட குரல்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே என்னைப் பொறியாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். எங்கள் வீராம்பட்டினத்தில் "ரெக்கார்டு பொறுக்குறவன்" என்று சொன்னால்தான் தெரியும்! காயலான் கடைகளில் கிடந்த கிராமபோன் இசைத்தட்டுகள் முந்நூறுக்கு மேல் சேர்த்திருக்கிறேன்.

அந்தத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்குப் பூச்சி தரும் பிசினோடு கல்தூளும் கரித்தூளும் கலந்து அழுத்தியது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். 1908-லேயே கல்கத்தாவில் இதற்குத் தொழிற்சாலை வந்துவிட்டது. கே.பி.சுந்தராம்பாளின் பாட்டு, டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, 1940-களில் கல்கத்தாவில் டெடி வெதர்ஃபோர்டு குழு வாசித்த மேல்நாட்டு நடன இசை, எல்லாம் இந்த அரக்கில்தான். மணிக்கணக்கில் வாசிக்கிற வித்வான் மூன்றே நிமிடத்தில் ராகத்தைக் காட்டியாக வேண்டும். சும்மாவா?

எங்க ஊர் கடல்காத்து இதுக்கு எமன். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் மட்டும் தொடாதீர்கள். மரத்துக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்? காய்ச்சி வடித்த நீர், துளி சோப்பு, மெல்லிய துணி போதும். உடனே உலர்த்த வேண்டும். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். எல்.பி. ஊசி இதற்கு ஆகாது. பள்ளம் அகலம், ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்த முனை வேண்டும். கணினியில் பதியும்போது இரைச்சல் நீக்காத மூலப் பிரதி ஒன்றைத் தனியே வையுங்கள்.

லேபிள் அழிந்துபோனாலும், அதன் ஓரத்தில் அரக்கிலேயே பொறித்த எண் இருக்கும். பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் பாடியவர் பெயர் கிடைக்கலாம். பட்டியலும் இல்லையென்றால்? "இது இன்னார் குரல்டா" என்று சொல்ல எங்க தெருவில் ஒரு ஆயாதான் இருக்காங்க. வயது தொண்ணூறு. தட்டு உடைவதற்கு முன்னால் அந்த நினைவு போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் தனி ஒருவராக ஆயிரக்கணக்கில் திரட்டினார். மும்பையில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம்மால் முடியாதா? நண்பர்களே, பரணில் தட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் ஒரு மைக்கோடு வாருங்கள். தட்டை நான் சுற்ற விடுகிறேன். ஆயா சொல்வதை நீங்கள் பதிவு செய்யுங்கள்.