புகைமூட்டத்தில் கண்ணை நம்பலாமா?

(சுபாங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தச் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976-இல் அந்த நிலத்தில் நகரம் எழத் தொடங்கியது. இன்று இங்கே பெரட்டுக் களமும் இல்லை, பால் ஸ்டோரும் இல்லை. ஆனால் சுமத்ராவில் காடும் சதுப்பு மண்ணும் தீப்பற்றினால் மாடி வீட்டுக்கும் லயத்துக்கும் ஒரே புகைதான் வந்து சேருகிறது. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அரசாங்கம் அவசரகாலம் பிரகடனம் செய்தது. அதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அத்தகைய நாள்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "காலையில்தான் மூட்டம், மத்தியானம் வெளுத்துவிட்டதே, இனி என்ன பயம்?" என்பார்கள். இந்தப் பேச்சு சரிதானா என்பதே இன்று நம் கேள்வி.

விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிறைக்குப் போகிறோம். சுத்தமான காற்றில், வெளிச்சம் விழும் மரப்பட்டைதான் தெரியும். வெளிச்சம் போகும் வழி தெரியாது. புகை நாளிலோ விளக்கிலிருந்து வெள்ளைக் கம்பு நீட்டியது போலத் தெரிகிறதல்லவா? காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிப்பதே காரணம். தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத துகள்களே இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். ஒளி அலையின் நீளமும் அவற்றின் பருமனும் ஏறக்குறைய ஒன்று. பகலில் தூரத்துக் குன்று மறைவதும் இதனால்தான். குன்றிலிருந்து வரும் ஒளி வழியில் சிதறிப் போகிறது. சூரிய ஒளியோ இடையில் சிதறி நம் கண்ணில் விழுந்து எல்லாவற்றையும் வெளுக்கச் செய்கிறது.

இனி ஈரத்தின் பங்கைப் பார்ப்போம். மழை நாளில் அடுக்களை உப்பு கசிந்து நிற்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். புகைத் துகளிலும் உப்புச் சரக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-ஐத் தாண்டினால் அது நீரை இழுத்துப் பருக்கிறது. பருத்த துகள் ஒளியைப் பன்மடங்கு சிதறடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலை ஈரம் பெரும்பாலும் 90-க்கு மேல். பிற்பகலில் 60, 70 என்று இறங்கிவிடும். அப்போது துகள் உலர்ந்து சுருங்குகிறது, பார்வை நீளுகிறது. ஆனால் துகள் எங்கும் போய்விடவில்லை! வெயில் ஏற ஏற நிலத்தோடு படிந்த காற்று மேலே கிளம்பிப் புகை ஓரளவு கலைவதும் மெய்தான், அதை மறுக்கவில்லை. எனினும் எவ்வளவு கலைந்தது என்பதைக் கண் சொல்லாது. நிலையத்துக் கருவி காற்றின் ஈரத்தை உலர்த்திவிட்டே துகளை அளக்கிறது. ஆகவேதான் கண் சொல்வதும் எண் சொல்வதும் பல வேளை ஒத்துப்போவதில்லை. வெறும் பனிமூட்டத்தைக் கண்டு புகையென்று பதறுவதும் இதே தவறுதான்.

எண்ணிலும் ஒரு குறை உண்டு. துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. திடீரென வந்த புகையை அது தாமதித்தே காட்டும். நடுப்பகலில், காற்று காய்ந்திருக்கும் வேளையிலும் எதிர்க் குன்று தெரியவில்லையென்றால் அது புகைதான். அங்கே கண்ணை நம்பலாம், எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குறியீடு 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 200-ஐத் தாண்டினால் மிகுந்த கேடு, 300-க்கு மேல் அபாயம் என்பது அரசாங்கக் கணக்கு. மரம் வெட்டுபவர் நாற்காலியில் இருப்பவரைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறார் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் நாம் சொல்லியாக வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகமூடியே தடுக்கும். அதை யார் வாங்கித் தருவது? எந்த எண்ணில் வேலை நிற்பது? நின்ற நாளுக்குச் சம்பளம் உண்டா? இம்மூன்றும் புகை வருமுன் எழுத்தில் இருக்க வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். புகை நாள்களில் பெரட்டுப் பலகையில் காலை எண்ணையும் நடுப்பகல் எண்ணையும் மணியோடு எழுதுங்கள். களத்திலிருந்து எத்தனையாவது மரம் வரை தெரிந்தது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.