புலம்பலுக்கு அப்பால்: பருவநிலை மாற்றமும் படைப்பாளர் பணியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடைவிடாது கூடி, கவிதை படித்து, கருத்தால் மோதி, அதன் பின்னும் பிரியாமல் இருக்கிறது என்றால், அதுவே தமிழுலகில் ஓர் அருஞ்செயல். அதற்கு முதற்கண் என் வாழ்த்து. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வதிலும், காற்றும் கதிரவனும் தரும் மின்னாற்றலை மக்கள் மனங்கொள்ளச் செய்வதிலும் கலைக்கும் கதைக்கும் உள்ள பங்கு குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிஞனுக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம் செலுத்தும் உறவைத் தவிர வேறு என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வுறவு நெடுநாளையது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 66ஆம் பாட்டு வெண்ணிக் குயத்தியார் பாடியது. வெண்ணிப் போரில் வாகை சூடிய கரிகாலனை விளித்துப் பாடும் அப்புலவர், அவனுடைய முன்னோன் பெருங்கடலில் நாவாய் செலுத்தியபோது காற்றையே தன் ஏவலுக்கு ஆட்படுத்தியவன் என்று போற்றுகிறார். காற்றை ஆற்றலாகக் கண்டு வேலை வாங்கலாம் என்னும் எண்ணம் நம் பாட்டில் ஈராயிரம் ஆண்டு மூத்தது. அதே பாட்டின் இறுதியில், வென்ற உன்னைவிடத் தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நல்லவன் அல்லனோ என்று அரசனின் முகத்துக்கு நேரே அவர் கேட்கவும் செய்கிறார். ஆற்றலைப் பாடிய அதே நாவே அறத்தையும் கேட்டது. இன்றைய என் பேச்சு முழுவதும் இவ்விரண்டைச் சுற்றியதே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நைந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் உரைத்ததை நீங்கள் அறிவீர்கள். நிலம் திரியக்கூடியது என்பதை அறிந்திருந்த மரபு நம்முடையது. அத்திரிபு இன்று உலகளாவியதாகிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் முறையாக அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. 2024இல் அது 420ஐக் கடந்துவிட்டது. அந்த 2024ஆம் ஆண்டே இதுவரை அளக்கப்பட்டவற்றுள் வெப்பம் மிகுந்த ஆண்டு. எண்கள் தொலைவில் உள்ளனவாகத் தோன்றினால், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். ஓராண்டில் பெய்ய வேண்டியது ஒரு பகலிலும் இரவிலுமாக வந்து விழுந்தது. தனியொரு மழையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது; ஆயினும், வெப்பமேறிய காற்று கூடுதலான நீராவியைச் சுமக்கும், அதனால் கனமழை மேலும் கனக்கும் என்பது அறிவியல் தெளிவாக்கிய உண்மை.

இந்நிலையில் நம் கவியரங்குகள் என்ன செய்கின்றன? சூழல் என்று தலைப்பிட்டால் போதும், மரம் அழுகிறது, ஆறு அழுகிறது, குருவி அழுகிறது. கேட்டவர்களும் கண் கலங்குகிறார்கள், கைதட்டுகிறார்கள், இல்லம் திரும்புகிறார்கள். ஒப்பாரி நம் மண்ணின் மாபெருங்கலை. அதனை நான் இகழவில்லை. ஆனால் நோயாளி கட்டிலில் உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரி வைப்பது நம் வழக்கமன்று. எல்லாம் முடிந்துவிட்டது என்று இருபது வயது இளைஞனிடம் நாம் மீண்டும் மீண்டும் பாடினால், அவன் அதனை நம்பிவிடுவான். நம்பியபின் எதையும் செய்யமாட்டான். நம் பாட்டு அவன் கையைக் கட்டிவிட்டது என்பதே அதன் பொருள். ஆகவே, கலை உண்மையாகவே செயலைத் தூண்டிய இடங்களைத் தேடிப் பார்த்தேன். மூன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் அண்டை மாநிலத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. பாலக்காட்டு மலைக்காட்டில் குந்திப்புழை ஆற்றை மறித்து அணைகட்டி மின்சாரம் எடுக்க 1970களில் திட்டம் தீட்டப்பட்டது. அந்த மழைக்காடு மூழ்கிவிடும் என்று கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர் முதலிய கவிஞர்கள் அணி திரண்டனர். ஊர் ஊராகக் கவியரங்குகள் நடந்தன. மரத்தைப் போற்றி சுகதகுமாரி எழுதிய கவிதை அப்போராட்டத்தின் வாழ்த்துப் பாடலாகவே ஆயிற்று. 'மரக்கவிகள்' என்று அவர்களை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. இறுதியில் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்த வெற்றியை நாம் சரியாகப் படிக்க வேண்டும். கவிதை அங்கே தனித்து வெல்லவில்லை. பொறியாளரும் பொருளியலாளரும் உயிரியலாளரும் கூடி அமர்ந்து, அந்த அணை இல்லாமலே மலபாரின் மின் தேவையை எவ்வாறு நிறைவு செய்யலாம் என்று கணக்கிட்டு 1979இல் அறிக்கை வெளியிட்டனர். கணக்கு மூளையிடம் பேசியது. கவிதை நெஞ்சிடம் பேசியது. ஒன்று மற்றொன்றின் வேலையைத் தட்டிப் பறிக்கவில்லை. இன்னொன்றையும் கருதுக. அவர்கள் எதிர்த்தது புகை கக்கும் அனல் நிலையத்தை அன்று, புகையே இல்லாத நீர்மின் திட்டத்தை. எனவே, புகையில்லாதது எல்லாம் நல்லது என்னும் எளிய வாய்பாடு படைப்பாளனுக்குப் போதாது. எங்கே, எதை இழந்து, யாருக்காக என்று கேட்கும் உரிமையை அவன் எந்த ஆற்றலின் முன்னும் விட்டுக்கொடுக்கலாகாது.

இரண்டாவது, எண்ணூர்ப் பாடல். 2017 சனவரியில் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடலை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். சென்னைப் பேச்சுத் தமிழ், கருநாடக இசையின் இராகங்களில் ஏறி அமர்ந்தது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தை அது காட்டியது. அதன் உயிர்நிலை ஒரு சொல்லில் இருக்கிறது. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறமாக, எல்லோர்க்கும் பொதுவாக விடப்பட்ட நிலம். மேய்ச்சல் தரை, ஏரி உள்வாய், கழி, பாதை. அப்பொதுச் சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. பொதுநிலம் பாழ்நிலம் என்று பேச்சில் ஆகிவிட்டபின், அதில் சாம்பலைக் கொட்டுவது எளிதாயிற்று. அப்பாடல் அச்சொல்லைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவித் திரும்பத் தந்தது. ஒரு பாட்டு ஆற்றைத் தூய்மை செய்துவிடாது. ஆனால் ஆற்றை அழுக்காக்கத் துணைநின்ற சொல்லைத் தூய்மை செய்ய அதனால் முடியும். சொல்லைக் காப்பது நம் தொழில் அல்லவா?

மூன்றாவது, புதுக்கோட்டை. பரிஷத்தார் அறிவியலைப் பாட்டும் கூத்துமாகத் தெருவுக்குக் கொண்டுவந்த கலைப்பயண முறை தமிழ்நாட்டிலும் வேரூன்றி, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கமாகத் தழைத்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிப் பெண்களும் பல்லாயிரவராக மிதிவண்டி ஏறினர். அதற்கென்று பாட்டுப் பிறந்தது, நாடகம் பிறந்தது. பெண்ணின் அடிமை நிலையை எண்ணி அழுவதோடு அக்கலை நின்றுவிடவில்லை. ஏறு, மிதி, விழுந்தால் எழு என்றது. கேலி செய்தவர்கள் முன்னே அவள் தலைநிமிர்ந்து போகும் காட்சியை முதலில் பாட்டில் காட்டியது; பிறகு அது தெருவில் நடந்தது. நடக்கவேண்டியதை நடப்பதற்கு முன்னே கண்ணுக்குக் காட்டுவதே கதையின் பேராற்றல்.

அமைதிப் பள்ளத்தாக்கு 'வேண்டாம்' என்று சொன்ன கலை. எண்ணூர் 'இது என்ன' என்று கேட்ட கலை. புதுக்கோட்டை 'வா, செய்வோம்' என்று அழைத்த கலை. முதல் இரண்டிலும் நமக்குப் பயிற்சி உண்டு. மூன்றாவதில்தான் நாம் மெலிந்திருக்கிறோம். பருவநிலை மாற்றமோ அந்த மூன்றாவதையே மிகுதியாக வேண்டி நிற்கிறது. ஏனெனில் நிலக்கரியை நிறுத்து என்று மட்டும் சொன்னால், இரவில் விளக்கு எப்படி எரியும் என்று குடிசையிலிருப்பவள் கேட்பாள். அவள் கேள்வி நியாயமானது. விடை சொல்லாத கவிதை அவள் வாசலில் நிற்க முடியாது.

விடை நம் கண்முன்னே சுழன்றுகொண்டிருக்கிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கேயும் பரவி, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நிறுவுதிறனாக வளர்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நெருக்குண்டு விரைந்து பாய்வதே இதன் இரகசியம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள் முன்னோர். அம்மியைப் பறக்கவிட்ட அதே காற்றுத்தான் இன்று மிக்சியைச் சுழற்றுகிறது! 2016இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. வாட்டிய வெயிலே விளைச்சலானது. பாலைத் திணைக்கு இப்படியும் ஓர் உரிப்பொருள் உண்டு என்று பாட நமக்கு ஏன் தோன்றவில்லை?

கதை வேண்டுமா? அன்னா மாணியின் வாழ்க்கையைப் பாருங்கள். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து அளவைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வித்தார். நாடெங்கும் கதிரவன் ஒளியையும் காற்றின் விரைவையும் அளந்து தொகுத்து, 1980இலும் 1983இலும் நூல்களாகத் தந்தார். காற்றாலை நிறுவ வருவோர்க்கு எங்கே காற்று உண்டு என்று காட்டிய நூல் அது. காற்றை எண்ணிக் கணக்கெழுதிய ஒரு பெண்ணின் வாழ்வு நாவலுக்கு ஏற்ற பொருள் இல்லையென்றால், வேறு எதுதான் பொருள்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 'வா, செய்வோம்' என்பது விளம்பரமாகிவிடக் கூடாது. கரும்புகையை அரக்கனாகவும் காற்றாலையைத் தேவனாகவும் நிறுத்தும் தெருக்கூத்தை மக்கள் ஒருமுறை பார்ப்பார்கள். மறுமுறை எழுந்து போவார்கள். தென்மாவட்ட உழவர்கள் காற்றாலையைக் 'காத்தாடி' என்கிறார்கள். அந்தக் காத்தாடிக்கு நிலம் விற்றவன் வீட்டில் பணம் என்னவாயிற்று, ஆடு மேய்த்த பாதை எங்கே போயிற்று, கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்க்கும் இளைஞனின் கூலி என்ன, அனல் நிலையம் ஒருநாள் மூடப்பட்டால் அங்கு உழைத்தவன் பிழைப்பு என்ன, இவையும் பாட்டுக்குள் வரவேண்டும். வந்தால்தான் அப்பாட்டை ஊர் நம்பும். வெண்ணிக் குயத்தியார் காட்டிய நெறி அதுவே.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, வரும் ஆனி, ஆடியில் உறுப்பினர்கள் குழுவாக ஆரல்வாய்மொழிக்குச் சென்று சில நாள் தங்குங்கள். மேடைக்காக எழுதாமல், முதலில் அங்குள்ளோர் பேச்சைக் கேட்டு வாருங்கள். இரண்டு, தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்ட மொழி நம்முடையது; மீனவரிடையே கச்சான், சோழகம் என இன்னும் பல வழங்குகின்றன. அப்பெயர்களையும், எந்தக் காற்று எந்த நாளில் வரும் என்னும் பட்டறிவையும், அது எங்கே பிசகியிருக்கிறது என்பதையும் முதியோர் வாய்மொழியிலிருந்து எழுதித் தொகுங்கள். பருவம் மாறுவதற்கு அதைவிட நேர்மையான சான்றேடு வேறில்லை. மூன்று, மாதக் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் ஒரு பொறியாளரோடும் ஓர் உழவரோடும் சேர்ந்து நடத்துங்கள். கவிஞர் மட்டுமே கூடிக் கவிஞர்க்கே பாடுவது எளிது, பயன் சிறிது.

கவிதையால் ஒரு விசிறியும் சுழலாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சுழல வேண்டும் என்று ஓர் ஊர் விரும்புவதற்கும், அது எவ்வகையில் சுழல வேண்டும் என்று அவ்வூர் துணிந்து கேட்பதற்கும் சொல் வேண்டும். அச்சொல்லைத் தரவேண்டிய கடன் இந்த அவையிலிருப்போர்க்கு உண்டு. அக்கடனை இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் வட்டியோடு தீர்க்கும் என்னும் நம்பிக்கையுடன் அமைகிறேன்.