டைட்டன் நொறுங்கியது ஏன்? பாதுகாப்புப் பொறியியலும் இலாபக் கணக்கும்

(தொழில்நுட்பமும் தொழிலாளர் பாதுகாப்பும் என்ற பொருளில் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 ஜூன் 18 அன்று வட அட்லாண்டிக் கடலில், டைட்டன் என்னும் சிறிய நீர்மூழ்கிக் கலம் ஐந்து பேருடன் இறங்கியது. ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைக் காட்டுவதே அந்தப் பயணத்தின் நோக்கம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. நான்கு நாள் தேடலுக்குப் பின்னர், டைட்டானிக்கின் முகப்பிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் கலத்தின் உடைந்த பாகங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஐவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் 19 வயது இளைஞர். இன்னொருவர், கலத்தைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டாக்டன் ரஷ்.

அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான், ஜூன் 14 அன்று, கிரீஸ் நாட்டின் பைலோஸ் கரைக்கு அப்பால் அகதிகளை ஏற்றிவந்த மீன்பிடிப் படகு மூழ்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கக்கூடும் என்று அஞ்சப்பட்டது. அந்தப் படகுக்குக் கிடைக்காத கப்பல்களும் விமானங்களும் டைட்டனைத் தேடி விரைந்தன. உலக ஊடகங்களின் வர்க்கப் பார்வையை இது வெட்டவெளிச்சமாக்கியது. ஆயினும், 'பணக்காரர்களின் வீண் சாகசம்' என்று டைட்டனை ஒதுக்கிவிடுவது சரியன்று. ஒரு பணியிடத்தில் தொழில்நுட்ப ஊழியர்கள் எச்சரித்ததும், அந்த எச்சரிக்கை நசுக்கப்பட்டதும், அதன் விளைவும் இவ்வளவு விரிவாகப் பதிவான நிகழ்வுகள் குறைவு.

வடிவத்தைத் தீர்மானித்தது எது?

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் சுமார் 390 கிலோ எடை அழுத்துகிறது. இத்தகைய அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து தாங்கும் வடிவம் கோளம். 1964 முதல் பணியாற்றிவரும் அமெரிக்காவின் ஆல்வின் கலத்திலும், பின்லாந்தில் கட்டப்பட்டு 1987இல் சோவியத் அறிவியல் கழகத்தின் பணிக்கு வந்த மிர் கலங்களிலும் மனிதர்கள் அமரும் அறை உலோகக் கோளமே. கோளத்துக்குள் மூவர் நெருங்கி அமரலாம். அதற்கு மேல் இடமில்லை.

ஓஷன்கேட் நிறுவனத்துக்கு ஐந்து இருக்கைகள் தேவைப்பட்டன. ஓர் இருக்கையின் விலை இரண்டரை லட்சம் டாலர். எனவே கோளம் உருளையாக நீண்டது. உருளையை டைட்டானியத்தில் செய்தால் எடையும் செலவும் கூடும். ஆகவே சுமார் 127 மில்லிமீட்டர் தடிமனில் கார்பன் இழையும் பிசினும் கலந்த கூடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் இரு முனைகளிலும் டைட்டானிய வளையங்கள் பசையால் ஒட்டப்பட்டன.

கார்பன் இழை இழுவிசையைத் தாங்குவதில் வல்லது. கயிறு இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும் என்பதை எவரும் அறிவர். இழைப் பொருளும் அத்தன்மையதே. அழுத்தத்தின்கீழ் அதன் சுமையில் பெரும்பங்கு, இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினின் மீதும் அடுக்குகளின் ஒட்டின் மீதும் விழுகிறது. அடுக்குகளுக்கிடையே சுருக்கமோ காற்றுக்குமிழோ வெற்றிடமோ இருந்தால் அங்கிருந்து பிரிவு தொடங்குகிறது. ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் அது சிறிது வளர்கிறது. உலோகம் பெரும்பாலும் வளைந்து நெளிந்து முன்னறிவிப்புத் தரும். இக்கலவைப் பொருளோ கடைசிக் கணம் வரை உறுதியாக நிற்பதுபோல் தோன்றி, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். டைட்டனின் கூட்டில் சுருக்கங்களும் நுண்துளைகளும் வெற்றிடங்களும் இருந்தன என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வு உறுதிசெய்துள்ளது.

புதிய பொருளைப் பயன்படுத்தியதே குற்றம் என்று இதற்குப் பொருளன்று. புதிய பொருளுக்குப் பழைய பொருளைவிடப் பன்மடங்கு சோதனை தேவை என்பதே பொறியியலின் விதி. இங்கே நடந்தது நேர்மாறானது. சிறு மாதிரிகள் சில, எதிர்பார்த்த அழுத்தத்தை எட்டும் முன்பே சோதனையில் நொறுங்கின. முதல் கூட்டில் 2019இல் விரிசல் கண்டது. இரண்டாவது கூடு கட்டப்பட்டபோது பழைய டைட்டானியப் பாகங்களே மீண்டும் பொருத்தப்பட்டன. சுயேச்சையான தரச்சான்று நிறுவனம் எதனிடமும் கலம் ஒப்படைக்கப்படவில்லை. பாதுகாப்பு என்பது ஒரு கட்டத்துக்கு மேல் வீண் என்ற கருத்தை ரஷ் பேட்டியிலேயே வெளியிட்டிருந்தார்.

எச்சரித்தவருக்குக் கிடைத்தது

நிறுவனத்தின் கடல்சார் செயல்பாட்டு இயக்குநராக இருந்தவர் டேவிட் லாக்ரிட்ஜ். 2018 ஜனவரியில் அவர் எழுத்து வடிவில் ஆய்வறிக்கை அளித்தார். கூட்டை உடைக்காமல் உட்புறத்தை அலகிடும் சோதனை வேண்டும் என்றார். பார்வைச் சாளரத்துக்கு அதைச் செய்தவர்கள் 1,300 மீட்டர் ஆழத்துக்கே சான்று தர முன்வந்தனர் என்று நீதிமன்ற ஆவணத்தில் அவர் சுட்டிக்காட்டினார். விளைவு: அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார், இரகசியத்தை மீறினார் என்று அவர் மீதே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பணியிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பிடம் அவர் புகார் செய்தார். மாதங்கள் ஓடின, விசாரணை நகரவில்லை. வழக்குச் சுமையைத் தாங்க முடியாமல் அந்த ஆண்டின் இறுதியில் அவர் புகாரைத் திரும்பப் பெற்றார். அதே 2018இல் ஆழ்கடல் கலத் துறையின் வல்லுநர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட எச்சரிக்கைக் கடிதமும் எழுதப்பட்டது. அதுவும் பலனளிக்கவில்லை.

கலமே எச்சரித்த கட்டமும் உண்டு. 2022 ஜூலை 15 அன்று, 80ஆவது மூழ்கலின் முடிவில், மேலேறும்போது பெரும் வெடிப்போசை கேட்டது. கூட்டில் பொருத்தப்பட்டிருந்த உணரிகளின் பதிவுகள், அதன் பின் கூட்டின் நடத்தை மாறிவிட்டதைக் காட்டின. ஓசையையும் அழுத்தத்தையும் கண்காணிக்கும் இந்தக் கருவிகளைத்தான் தரச்சான்றுக்கு மாற்றாக நிறுவனம் பெருமையுடன் முன்வைத்திருந்தது. அவை உண்மையைச் சொன்னபோது அதைப் படித்துப் பயணத்தை நிறுத்துவோர் இல்லை. கூடு பிரித்துச் சோதிக்கப்படவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கலம் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் திறந்தவெளியில், உறைபனியில் கிடந்தது. அமெரிக்காவுக்கு எடுத்துச்செல்வது பெருஞ்செலவு என்பது விசாரணையில் வெளிவந்த காரணம்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணைக் குழு 2025 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று அது முடிவு கூறியது. வடிவமைப்பு, சான்று, பராமரிப்பு, சோதனை ஆகிய அனைத்திலும் குறைபாடு. அதனுடன், வேலை போய்விடும் என்ற அச்சத்தால் ஊழியர்களை வாய்மூடச் செய்த பணியிடச் சூழல். லாக்ரிட்ஜின் புகாரை உரிய காலத்தில் விசாரிக்காததும் கைநழுவவிட்ட வாய்ப்பு என்று அறிக்கை பதிவு செய்கிறது.

சட்டத்தின் ஓட்டையும் இங்கே கவனிக்கத்தக்கது. பயணிகளை ஏற்றும் கலத்துக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். எனவே கட்டணம் செலுத்தியவர்கள் 'பயணிகள்' என்று அழைக்கப்படாமல், 'பயண வல்லுநர்கள்' எனப் பெயர் மாற்றப்பட்டனர். கலமோ எந்த நாட்டின் சட்டமும் எளிதில் எட்டாத சர்வதேசக் கடற்பரப்பில் இறக்கப்பட்டது. நிரந்தரத் தொழிலாளியை 'ஒப்பந்தம்', 'பயிற்சியாளர்', 'கூட்டாளி' என்று பெயர் மாற்றி உரிமைகளைப் பறிக்கும் தந்திரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

இன்னொரு வழி இருந்தது

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் திரெஷர் நீர்மூழ்கிக் கப்பல் 129 பேருடன் மூழ்கியது. அதன் பின்னர் ஒவ்வொரு இணைப்புக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்துப்பூர்வச் சான்று கோரும் கண்டிப்பான திட்டம் கொண்டுவரப்பட்டது. சான்றில்லையேல் கப்பல் கடலுக்குச் செல்லாது. அத்திட்டத்தின்கீழ்ச் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் இன்றுவரை இழக்கப்படவில்லை. ஏகாதிபத்தியத்தின் போர்க்கருவிதான், ஆயினும் இது உணர்த்தும் உண்மை பொதுவானது. ஆழ்கடலை வெல்லும் அறிவு மனிதகுலத்திடம் இருந்தது. டைட்டனில் தோற்றது அறிவியல் அன்று. அறிவியலைக் கேட்க மறுத்த நிர்வாகமே.

நம் நாட்டில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூவரை இறக்கும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட டைட்டானியக் கோளம் அதன் மையம். முதலில் எஃகுக் கோளம் கடலில் சோதிக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கலத்தின் நீர்ச் சோதனைகள் நடந்தன. பொதுத்துறை விஞ்ஞானிகளின் இந்தப் பொறுமையைத் 'தாமதம்' என்று ஏளனம் செய்வோர் டைட்டனின் அவசரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசியல் விழாவுக்கான தேதிகளைத் திணிக்காமல், சோதனையின் முடிவுகளே தேதியைத் தீர்மானிக்க அனுமதிப்பது ஆட்சியாளர்களின் கடமை.

ஆனால் கடலடிக்குச் செல்லாத கோடிக்கணக்கான தொழிலாளர்களின் நிலை என்ன? போபால் பேரழிவுக்குப் பின்னர், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களில் தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழுவுக்கும், உடனடி ஆபத்தைத் தெரிவிக்கும் தொழிலாளரின் உரிமைக்கும் அது இடமளித்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் கொடுத்த விலை அது. இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 'தொழிற்சாலை' என்பதன் வரையறையை மின்விசை உள்ள இடங்களில் 10 தொழிலாளரிலிருந்து 20 ஆகவும், மின்விசை இல்லாத இடங்களில் 20இலிருந்து 40 ஆகவும் உயர்த்தியுள்ளது. ஆய்வாளர், 'ஆய்வாளர்-உதவியாளர்' ஆகிவிட்டார். காரல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் லியோனார்ட் ஹார்னர் என்ற தொழிற்சாலை ஆய்வாளரின் தொண்டை மனமுவந்து போற்றினார். முதலாளிக்கு உதவியதற்காக அன்று. முதலாளிகளின் எதிர்ப்பைத் தாண்டிச் சட்டத்தை நிலைநாட்டியதற்காக.

எனவே தொழிற்சங்கங்களின் முன்னுள்ள பணிகள் தெளிவானவை. ஆபத்தான இயந்திரத்தை நிறுத்தும் உரிமை அதன் அருகில் நிற்பவருக்கு வேண்டும். குறையைச் சொன்னவர் பழிவாங்கப்பட்டால், அந்தப் புகாரை வாரக்கணக்கில் விசாரித்து முடிக்கச் சட்டம் வேண்டும். சான்று தருபவர், பொருளை விற்பவரின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. சிறுவிபத்துகளும் தவறிப்போன விபத்துகளும் பதிவாகிச் சங்கத்தின் பார்வைக்கு வர வேண்டும். ஒவ்வோர் ஆலையிலும் ஒரு '80ஆவது மூழ்கல்' நடந்துகொண்டுதான் இருக்கிறது.

லாக்ரிட்ஜ் தனி மனிதராக நின்றார். அவருடைய அறிவு குறைவன்று, துணிவும் குறைவன்று. பின்னால் நிற்கச் சங்கம்தான் இல்லை. பாதுகாப்புக் கோரிக்கையைக் கூலி உயர்வுக்குப் பின் வரும் இரண்டாம் வரிசைக் கோரிக்கையாகக் கருதும் பழக்கத்தை இனியேனும் கைவிட வேண்டும், தோழர்களே.