வெட்டு எதுவரை செல்லும்?

பிழை திருத்துவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். விடைத்தாளில் ஒரு சொல்லை அடித்தால் அடுத்த சொல் தன் இடத்திலேயே இருக்கும். ஒலியில் அப்படியன்று. இவ்வுண்மையை ஓய்வு பெற்ற பின்னரே கற்றேன்.

2019-ஆம் ஆண்டில், பார்வையற்ற மாணவர்க்காகப் பாடநூல் ஒன்றை வாசித்துப் பதிவு செய்யும் பணியை ஏற்றேன். அதற்கு உதவியது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். 2000-இல் வெளிவந்த இது, விலையின்றிக் கிடைப்பது. இதில் நம் குரல் ஓர் அலைக்கோடாகத் திரையில் நீளும். அது செல்லும் வரிசைக்கு ஒலித்தடம் என்று பெயர். அதன் கீழே குறிகளுக்கென்று தனித்தடம் ஒன்று அமைத்து, பாடநூலின் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும் நொடியில் ஒரு குறி இட்டேன். இறுதியில் அக்குறிகளின்படி பதிவைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கலாம்.

முதியவனின் குரலல்லவா? இடையிடையே இருமல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நொடி. அவ்வாறு இருபது இடங்களில் ஒலித்தடத்தை மட்டும் தேர்ந்து வெட்டினேன். வெட்டிய இடைவெளியை நிரப்பப் பின்வந்த குரல் முன்னே நகர்ந்தது. குறிகளோ நின்ற இடத்திலேயே நின்றன. முடிவில் ஒரு நிமிடப் பிழை சேர்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைத் தேடிய மாணவனுக்கு, அதன் முதல் ஒரு நிமிடம் முந்திய பக்கத்தின் வாலில் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணால் புரட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள அவனால் இயலுமா?

செய்ததை மீட்கவும் வழியில்லை. திட்டக் கோப்பை மூடினால், முன்செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பின்வாங்கும் வசதியும் மறைந்துவிடும். நானோ ஒவ்வோர் இரவும் சேமித்து மூடியிருந்தேன். ஆகவே முழுவதையும் மறுபடி கேட்டு, ஒவ்வொரு குறியையும் கையாலேயே நகர்த்தினேன்.

முன்னாளில் காந்த நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டினார்கள். ஒரே நாடாவில் எத்தனை தடங்கள் இருந்தாலும் அலகு அனைத்தையும் ஒருங்கே வெட்டியது. கணினியிலோ தடங்கள் தனித்தனி. வெட்டு எதுவரை செல்லும் என்பதை நாம்தான் கட்டளையிட வேண்டும்.

அதற்கு மூன்று வினாக்கள் போதும். எந்த நொடி முதல் எந்த நொடி வரை? எந்தத் தடங்களில்? பின்னால் உள்ளவை நகரவேண்டுமா, நிற்கவேண்டுமா? நிற்கவேண்டுமெனில், நீக்காமல் அவ்விடத்தை மௌனமாக்கலாம். கால அளவு மாறாது. நகரவேண்டுமெனில், சிங்க்-லாக் என்னும் இணைப்பை இயக்குக. ஒலித்தடங்களும் அவற்றின் கீழுள்ள குறித்தடமும் ஒரே தொகுதியாகிவிடும். இணைந்த தடங்களில் சிறு கடிகாரச் சின்னம் தோன்றும். பின்னர் ஒன்றில் வெட்டினால் தொகுதி முழுவதிலும் அதே நேரப்பகுதி நீங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அத்தொகுதியில் பின்னணி இசை இருந்தால் அதுவும் வெட்டுப்படும்.

மாணவர்களே, திருத்தும் கைக்குப் பிழை மட்டும் தெரிந்தால் போதாது. அந்தப் பிழையோடு எவையெல்லாம் பிணைந்துள்ளன என்பதும் தெரியவேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்று பாருங்கள். எனக்கு அந்த ஒரு நொடி இல்லாமற்போனதால் ஒரு வார காலம் செலவாயிற்று.