முன்பணம் கேட்கும் மடல்



முன்பின் அறியாத ஒருவர் எமக்குப் பெருநிதி தருவதாக மின்னஞ்சல் விடுக்கின்றார். அதற்கு முன் சிறு கட்டணம் ஒன்றை நாம் அனுப்பவேண்டுமாம்! இவ்வஞ்சகம் புதியதன்று. ஸ்பானியச் சிறையில் வாடும் செல்வரை மீட்கப் பணம் தாரீர் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிதங்கள் உலாவின. இன்று நைஜீரியக் குற்றவியற் சட்டத்தின் 419ஆம் பிரிவின் எண்ணே இதற்குப் பெயராய் வழங்குகின்றது.

கல்லாதவரே ஏமாறுவர் என எண்ணுதல் தவறு. 1995 முதல் 1998 வரை பிரேசில் நாட்டு வங்கி அதிகாரி ஒருவர், அபுஜா நகரில் விமான நிலையம் அமைகின்றதென நம்பி, தரகுப் பணத்துக்கு ஆசைப்பட்டு, பணம் அனுப்பி, தம் வங்கிக்கு 24 கோடி டொலருக்கு மேல் இழப்பு நேரச் செய்தார். அத்திட்டமோ வெறும் பொய். வஞ்சகரின் தலைவனுக்கு 2005இல் லாகோஸ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இரகசியம், அவசரம், முன்பணம் ஆகிய மூன்றுமே இதன் அடையாளங்கள். உண்மையாகவே நிதி உண்டெனின் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளலாமன்றோ? ஆதலின் மறுமொழி எழுதாதிருப்போம். வங்கிக் கணக்கு விபரத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொடாதிருப்போம். ஒரு முறை செலுத்தினால் அடுத்த கட்டணம் வந்தே தீரும்.

பணம் போய்விட்டதாயின் உடனே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவிப்போம். ஏமாந்தவரை நாம் எள்ளி நகையாடினால் அவர் வாய் திறவார். அம்மௌனமே வஞ்சகனுக்கு அரண். வீட்டில் மூத்தோர் இத்தகைய மடலைக் காட்டும்போது, இளைஞராகிய நாம் பொறுமையுடன் வாசித்து விளக்குவோமாக.