பலகையின் அடியைப் பாருங்கள்

 

நான் மரவேலை செய்கிறவன். என் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இருபது வருடமாக இடுக்கி மலையில் வேலை செய்கிறேன். பூப்பாறை, சாந்தன்பாறை, தேவிகுளம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

எங்கள் ஊரில் மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும். அங்கே மரம் காய்ந்து வெடிக்கும். கறையான் அரிக்கும். இங்கே மலையில் மழையும் மூடுபனியும் அதிகம். மரம் நனைந்து இற்றுப் போகும். இரண்டு ஊரிலும் மரத்துக்குக் கேடு உண்டு. இரண்டையும் தடுக்க வழியும் உண்டு.

இன்று மரத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். மலைச் சரிவில் வீடு கட்டுகிறோம். முன்னால் சமமான இடம் இல்லை. கால் நட்டு, சட்டம் போட்டு, மேலே பலகை பரப்புகிறோம். அதில் மிளகு காய வைக்கிறோம். மாலையில் உட்கார்ந்து பேசுகிறோம். தங்கும் விடுதிகளில் இதை 'டெக்' என்கிறார்கள். உங்களில் சிலர் அங்கே வேலை செய்கிறீர்கள். இது உங்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு நடந்த கதை.

ஒரு வீட்டில் தட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேலே புது வார்னிஷ். கண்ணாடி போல் பளபளத்தது. நான் கீழே குனிந்து பார்த்தேன். மூன்று பலகைகள் அடியில் இற்றுப் போயிருந்தன. சாக்கட்டி எடுத்தேன். 'இதில் மிதிக்காதீர்கள்' என்று மூன்றிலும் எழுதினேன். புதுப் பலகை வாங்கப் போனேன்.

மறுநாள் காலை அந்த வீட்டுப் பாட்டி அதன்மேல் நடந்தார். பலகை உடைந்தது. கால் உள்ளே போய் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நான் பார்க்கப் போனேன். அவர் சொன்னார்: "நீ எழுதினது எனக்குக் கோலம் மாதிரித்தான் தெரிஞ்சுது ஆசாரி."

அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது. தவறு என்னுடையது. எழுதியது போதாது. கயிறு கட்டி மறித்திருக்க வேண்டும்.

மரம் ஏன் இற்றுப் போகிறது? பூஞ்சணம் மரத்தைத் தின்கிறது. அதற்கு ஈரம் வேண்டும். 100 கிலோ உலர்ந்த மரத்தில் 20 கிலோவுக்குக் குறைவாக ஈரம் இருந்தால், பூஞ்சணம் மரத்தை அரிக்காது. ஆகவே மழை மட்டும் எதிரி அல்ல. நனைந்த மரம் காய வழியில்லாமல் கிடப்பதுதான் எதிரி.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் பழைய பகுதி கட்டி 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மரத்தூணும் மரக்கூரையும் இன்றும் நிற்கின்றன. சாய்ந்து இறங்கும் கூரை மழையைத் தடுக்கிறது. உள்ளே காற்று ஓடுகிறது. தொடர்ந்து பராமரிப்பும் நடக்கிறது. நம் தட்டுக்குக் கூரை இல்லை. அதனால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. பலகைகளுக்கு நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தண்ணீர் அதன் வழியே இறங்கும். அங்கே இலையும் மண்ணும் அடைத்தால் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பூந்தொட்டியைப் பலகைமேல் நேராக வைக்காதீர்கள்.

இரண்டு. இடவப்பாதி மழைக்கு முன் அடியைப் பாருங்கள். துலாவர்ஷம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். பலகையின் வெட்டிய முனை, ஆணி அடித்த இடம், சட்டத்தில் உட்காரும் இடம், கால் மண்ணைத் தொடும் இடம் ஆகிய நான்கும் முக்கியம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். இற்ற மரம் உள்ளே வாங்கும்.

மூன்று. காலை மண்ணில் புதைக்காதீர்கள். கல்லின்மேல் நிறுத்தி, இரும்புப் பட்டையால் பிடியுங்கள். காலில் மண் கோடு ஏறினால் அது கறையான் வழி. உடனே கவனியுங்கள்.

நான்கு. பாசி வழுக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு, நார்ப் பிரஷால் பலகையின் ரேகை ஓடும் பக்கமாகத் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம்.

ஐந்து. மாசி, பங்குனி மாதங்களில் மரம் நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் நல்லது. கடையில் 'லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள். மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெட்டிய முனையில் இரண்டு தடவை பூசுங்கள். முனைதான் அதிகம் தண்ணீர் குடிக்கும். வெயிலில் கிடக்கும் தட்டுக்குத் தடித்த வார்னிஷ் வேண்டாம். அது வெடித்தால் தண்ணீர் அடியில் புகுந்து தங்கிவிடும். பழைய எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். அது கைக்கும் மண்ணுக்கும் கேடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துணி தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

ஆறு. ஒரு பலகை இற்றால் அதை மட்டும் மாற்றுங்கள். வைரம் பாய்ந்த தேக்கோ பலாவோ போடுங்கள். வெள்ளைப் பகுதி சீக்கிரம் கெடும். துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள். ஆனால் சட்டமோ காலோ இற்றிருந்தால் யாரையும் ஏற விடாதீர்கள். கயிறு கட்டி மறித்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கையில் இப்போது எழுத்து இருக்கிறது. அதைத் தட்டுக்கும் பயன்படுத்துங்கள். ஒரு நோட்டில் தேதி போடுங்கள். எந்தப் பலகையைப் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள், எப்போது எண்ணெய் பூசினீர்கள் என்று எழுதுங்கள். எண்ணெய் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத் திறங்கள்.

வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். தட்டின் மேலே பார்க்க வேண்டாம். குனிந்து அடியைப் பாருங்கள்.